டெங்கிக் காய்ச்சலும் இரத்தத் தட்டுகளும்



நம் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றிருப்பவர்கள் பலர். "ஒரு வாரமாகக் காய்ச்சல், இரத்தத்தில் தட்டுகள் குறைந்துவிட்டனவாம்" என்று அங்கிருந்து சேதி வந்தால், லயத்தில் எல்லாருமே கலங்கிவிடுகிறோம். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார் ஒருவர். மாதுளம்பழமே போதும் என்கிறார் இன்னொருவர். இரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பார் என்று மற்றொருவர் பயமுறுத்துகிறார். இவற்றுள் எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை இன்று பார்ப்போம்.

இரத்தத் தட்டு என்றால் என்ன? பால்மரத்தில் வெட்டுப் போட்டால் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் வெட்டிய இடத்திலேயே பால் உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. நம் உடம்பில் காயம் பட்டால் அப்படி அடைப்பதற்கென்று இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய துணுக்குகளே இரத்தத் தட்டுகள். எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் இவை உண்டாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 7 முதல் 10 நாள்தான். நல்ல உடல்நலம் உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும்.

இவை குறைவதற்குக் காரணங்கள் பல. கல்லீரல் நோய், சில மருந்துகள், ஊட்டச்சத்துக் குறைவு, உடம்பே தன் தட்டுகளை அழித்துக்கொள்ளும் ஒரு வகை நோய் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் சிங்கப்பூரில் காய்ச்சலோடு தட்டுகளும் குறைந்தால் முதலில் நினைக்கவேண்டியது டெங்கியையே. டெங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் 1960ஆம் ஆண்டிலேயே அங்கே காணப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,315 பேருக்கு டெங்கி கண்டது. 2022இலும் அந்த எண்ணிக்கை 32,000ஐத் தாண்டியது.

டெங்கியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று நாள், நான்கு நாள் கொதித்த காய்ச்சல் தணிகிறது. நோயாளி எழுந்து உட்காருகிறார். "விட்டுவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்கிறார். ஆபத்து வருவதும் அந்த வேளையில்தான். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில், சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. கசிவு மிகுந்தால் இரத்த அழுத்தம் விழுந்து கைகால் சில்லிட்டுப் போகும். டெங்கியில் உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கசிவினாலும் அதைத் தொடர்ந்து வரும் இரத்தப்போக்கினாலும்தான். தட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

அப்படியானால் தட்டுகளை ஏற்றிவிட்டால் என்ன? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் சிங்கப்பூர், மலேசிய டாக்டர்களே. லிட்டில் இந்தியாவுக்கு வடக்கே, 1844இல் தோற்றுவிக்கப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை இருக்கிறது. அதனுடன் சேர்த்து இரு நாடுகளிலும் 5 மருத்துவமனைகளில், தட்டுகள் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய 372 பெரியவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் தட்டுகள் ஏற்றப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. 2017இல் முடிவு வெளியாயிற்று. இரத்தம் கசிவதைத் தடுப்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்றிக்கொண்டவர்களிடம் பக்க விளைவுகளே அதிகமாய் இருந்தன. ஆகவே, "தட்டு குறைந்தும் ஏற்றவில்லையே" என்று டாக்டரைக் குறைகூற வேண்டியதில்லை. கடுமையாக இரத்தம் போகும்போது ஏற்றுவது வேறு விஷயம். அதை டாக்டர் முடிவு செய்வார். டெங்கி தணியும்போது தட்டுகள் பெரும்பாலும் தாமாகவே ஏறிவிடுகின்றன.

இனி உணவுக்கு வருவோம். தட்டுகளை ஒரே நாளில் ஏற்றும் உணவு எதுவும் இல்லை. பப்பாளி இலைச் சாறு உயிரைக் காக்கும் என்று இதுவரை உறுதிப்படவில்லை. வாந்தி எடுக்கும் நோயாளிக்கு அந்தக் கசப்பைப் புகட்டினால் வாந்தி மேலும் கூடும். தேக்கா சந்தையில் இலை தேடி அலையும் நேரத்தில் நோயாளிக்கு நீராகாரம் கொடுப்பது மேல். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இளநீர், பழச்சாறு, பால், பார்லித் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவேண்டும். பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 2.5 லிட்டர் நீராகாரம் தேவை. இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்புப் பானங்களைக் குறைக்கவேண்டும்.

பசி வந்ததும் இட்லி, குழைந்த சோறு, பருப்பு, முட்டை, வேகவைத்த மீன், கீரை, பழம் எல்லாம் கொடுக்கலாம். காரமும் எண்ணெயும் குறைவாக இருக்கட்டும். சிவப்பு ரோஸ் சிராப், பீட்ரூட் போன்றவை சில நாள் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா, சாயமா என்று தெரியாமல் போகும். மது அறவே கூடாது.

மருந்தில் மிகுந்த கவனம் வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில் எடுக்கவேண்டும். உடம்பு வலிக்கிறது என்று ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம் ஆகியவற்றை வாங்கி விழுங்கக்கூடாது. இவை இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை, வயிற்றையும் புண்ணாக்கும். இருதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்கவேண்டும். தசையில் ஊசி போடுவது, உடம்பை அழுத்தி உருவிவிடுவது, நாணயத்தால் சுரண்டுவது இவற்றைத் தவிர்க்கவேண்டும். பல் துலக்க மென்மையான தூரிகை வேண்டும். தட்டுகள் ஏறும்வரை சவரக்கத்தி, ஏணி, பாரம் தூக்குவது எதுவும் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. முக்கினால் இரத்தம் கசியலாம்.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு, மனக்குழப்பம், சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று கண்டாலும், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிங்கப்பூரில் அவசர வண்டிக்கு எண் 995. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று காய்ச்சலை மறைத்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. தங்குவிடுதியில் தனியாகப் படுத்திருப்பவரிடம், "காய்ச்சல் எப்படி?" என்று கேட்பதோடு, "இன்று எவ்வளவு குடித்தாய்? எத்தனை முறை சிறுநீர் போனது?" என்றும் கேளுங்கள். அடுத்த கட்டில் நண்பரிடமும் இந்த அறிகுறிகளைச் சொல்லிவையுங்கள்.

நோயாளியைக் கொசு கடிக்காமலும் காக்கவேண்டும். காய்ச்சல் நாள்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, பிறகு மற்றவர்களுக்கும் நோயைப் பரப்பும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடுவது. சுமார் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். லிட்டில் இந்தியாவில் கடைவீட்டுப் பூச்சாடித் தட்டும் சுவாமி படத்தின் முன் வைத்த செம்பும் அதற்குப் போதும். நம் தோட்டத்தில் வெட்டாத மரத்தில் நிமிர்ந்து நிற்கும் பால் மங்கு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் போதும். நாங்கள் பள்ளியில் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றிவந்து, நீர் நிற்கும் பாத்திரங்களைத் தேடிக் கவிழ்க்கச் சொல்கிறோம். பெரியவர்களும் உடன் போனால் பிள்ளைக்கு எட்டாத கூரைத் தகரத்தையும் பார்த்துவிடலாம்.