வலைக்கண்ணும் படப்புள்ளியும்

முல்லைத்தீவின் நாயாற்றில் கரைவலை இழுப்பவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. வலையின் சிறகுப் பக்கம் கண் பெரிது. மீன் வந்து சேரும் மடியில் கண் சிறிது. கண் சிறுக்கச் சிறுக்கச் சின்ன மீனும் தங்கும். ஆனால், கடலில் இல்லாத மீன் எந்தக் கண்ணிலும் சிக்காது. ஸ்கேனருக்கும் இதே கணக்குத்தான்.

2004 சுனாமியும் 2009 வரை நீண்ட போரும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பல வீடுகளின் அல்பங்களைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியது 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமுமான ஒரு சின்னப் படம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெருப்பிக்க எந்த அளவில் ஸ்கேன் செய்வது?

ஸ்கேனர் படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து வாசிக்கிறது. ஒவ்வொரு சதுரமும் ஒரு படப்புள்ளி, அதாவது பிக்சல். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே பிரிதிறன். கடைகளில் டிபிஐ என்பார்கள். 300இல் நமது படம் 2.2 இலட்சம் புள்ளிகளாகும். 600இல் அது 8.8 இலட்சம். எண்ணை இரட்டித்தால் நீளமும் அகலமும் சேர்ந்து இரட்டிப்பதால், கோப்பு நான்கு மடங்காகிறது. ஏ4 தாளொன்றை 1200இல் வண்ணத்தில் எடுத்துச் சுருக்காமல் சேமித்தால் 400 மெகாபைற்றைத் தாண்டும்!

கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளை நம் கண் தனித்தனியாகப் பிரித்தறிவதில்லை. ஆகவே அதே அளவில் அச்சிட 300 போதும். இரு மடங்கு பெரிதாக்க 600, நான்கு மடங்குக்கு 1200.

இங்கேதான் மீன் கணக்கு வருகிறது. கடதாசியில் கழுவிய படங்கள் பெரும்பாலும் 600க்கு மேல் புதிய விவரம் எதையும் தருவதில்லை. கிடைப்பது தாளின் சொரசொரப்பும் தூசியும்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்களையும் நம்பவேண்டாம். உணரி உண்மையாகக் காண்பது ஒளியியல் பிரிதிறன் மட்டுமே. மிச்சப் புள்ளிகள், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை.

பத்திரிகைப் படம் இன்னும் வேடிக்கையானது. அது ஏற்கெனவே மைப்புள்ளிகளால் ஆனது. அந்த வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் ஒன்றோடொன்று மோத, மூலத்தில் இல்லாத அலைக்கோடுகள் முளைக்கும். 600இல் எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் அவை பெரும்பாலும் அடங்கும்.

விவரம் உண்மையில் குவிந்திருப்பது நெகற்றிவில். 36க்கு 24 மில்லிமீற்றர் பிலிம் துண்டை, ஒளியை ஊடுருவவிட்டு வாசிக்கும் ஸ்கேனரில் 4000இல் எடுத்தால் இரண்டு கோடிக்கு மேல் புள்ளிகள் கிடைக்கும். படத்தைப் பெருப்பிக்க நினைப்பவர் விலைகூடிய ஸ்கேனரைத் தேடுமுன், படம் எடுத்த ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.