காசும் கேஷும் ஒன்றா?



‘காசு’ என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆச்சு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பேச்சுப் போட்டியில் கைதட்டல் வாங்கும் வரி இது. சரியா, தப்பா? பாதி சரி, பாதி தப்பு. எப்படின்னு பார்ப்போமா?

பேங்கில் ‘கேஷ்’ என்று போர்டு இருக்குமே, அந்த கேஷ் நம்ம காசு இல்லை. லத்தீன் மொழியில் ‘கப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்று மாறியது. ஆங்கிலத்திலும் முதலில் பணப்பெட்டிக்குத்தான் ‘கேஷ்’ என்று பெயர். அப்புறம் பெட்டிக்குள் இருக்கிற பணத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நாமும் கடைக்காரரிடம் “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்கிறோமே, அதுபோலத்தான். ஜெர்மன் மொழியில் ‘காஸ்ஸெ’ என்றால் கடையில் பணம் கட்டும் இடம்.

ஆனால் ஆங்கில அகராதியில் அதே எழுத்துகளில் இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயம் என்று அதற்கு அர்த்தம். இதுதான் நம்ம காசு! நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் காசை ‘காய்ஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘காய்ஷா’தான் பெயர். அதனால் இரண்டு சொல்லும் ஒன்றாகக் கலந்துபோச்சு. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம் என்று கணக்கு வைத்தார்கள். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் ‘காஸ்’ என்றே நாணயம் அடித்தார்கள். சீனாவின் ஓட்டைக் காசுக்கும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’தான் பெயர்.

சரி, காசுதான் ‘காய்ஷா’விலிருந்து வந்ததோ என்று யாராவது கேட்டால்? போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்கு வந்தது 1498இல். அதற்கு ஏறத்தாழ 500 வருஷம் முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசு இருக்கிறது!

நம்ம புதுக்கோட்டைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. தொண்டைமான் சமஸ்தானத்தின் அம்மன் காசில் ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. 20 அம்மன் காசு ஓர் அணா. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320 காசு! நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்களாம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இன்றும் நாணயம் சேகரிப்பவர்களின் ஆங்கிலப் புத்தகங்களில் இதற்குப் பெயர் ‘அம்மன் கேஷ்’. இந்த கேஷ் சத்தியமா நம்ம காசுதான்.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், மேடையில் நாம் பேங்க் கேஷையும் தமிழ் என்று சொல்லி, எதிரணி அகராதியைப் பிரித்துக் காட்டினால், நாம் சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்கள். இல்லாததைச் சேர்க்காமலே தமிழுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் வீட்டு ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டியில் ஓர் அம்மன் காசு கிடந்தாலும் கிடக்கும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி