வீட்டில் செய்யும் வீடியோ கேம் பெட்டி: படமும் பெயரும் பளிச்சென அமைய என்ன செய்யலாம்?

சிலிம் ரிவர்: ஒரு காலத்தில் காசு போட்டு, நின்றுகொண்டே விளையாடிய வீடியோ கேம் பெட்டியை இன்று வீட்டிலேயே செய்துவிட முடிகிறது. பழைய கணினித் திரை, ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினி, ஜாய்ஸ்டிக், பொத்தான்கள், இரண்டு மூன்று பலகைகள் இருந்தால் போதும். தச்சு வேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பெட்டி எழும்பிவிடும். அதன்பிறகு வருவதுதான் சிக்கலான கட்டம். பெட்டிக்குப் படம் வரைந்து, அச்சடித்து, ஒட்ட வேண்டும். பல நாள் உழைப்பும் கைக்காசும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

படம் ஏன் முக்கியம்?

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் திரை கறுப்பு வெள்ளைதான். திரைமீது வண்ணத் தாள் பட்டைகளை ஒட்டித்தான் அதற்கு நிறம் கொடுத்தார்கள். பெட்டிக்குள் நிலவின் படத்தை வைத்து, கண்ணாடி வழியாகப் பின்னணியாகத் தெரியச் செய்தார்கள். திரையால் காட்ட முடியாததைப் பெட்டியின் ஓவியம் காட்டியது.

பெயர்ப்பலகைக்கும் ஒரு கதை உண்டு. 1980இல் நாம்கோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் பக்மேன். அமெரிக்காவுக்குப் போகும்போது அது பேக்மேன் ஆனது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை யாராவது சுரண்டினால் அது கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயமே காரணம். பலகையில் ஓர் எழுத்து மாறினாலும் மானம் போய்விடும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள்.

முதலில் அளவு

பெட்டியின் பக்கவாட்டில் பழுப்புத் தாளை விரித்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுப்பதே நம்பகமான முறை. இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்கும். ஆகவே ஓவியத்தைத் திருப்பிப் போடலாம், எழுத்தைத் திருப்பக்கூடாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக அச்சடிக்கச் சொல்ல வேண்டும். ஒட்டும்போது சற்று விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாது.

அடுத்தது படத்தின் தரம். 60 அங்குல உயரமுள்ள பக்கவாட்டுக்கு, அங்குலத்திற்கு 150 புள்ளிகள் என்று கணக்கிட்டால், படம் 9,000 புள்ளி உயரம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் 1,600 புள்ளிகளைத் தாண்டாது. அதைப் பெரிதாக்கினால் அங்குலத்திற்கு 27 புள்ளிகூட மிஞ்சாது. முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் கோட்டுருவமாக வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

விளக்கெரியும் பெயர்ப்பலகையில் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பதையும், புள்ளி தனியே தொங்குவதையும் நம் ஊர்ப் பதாகைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அச்சகத்தார் வேண்டுமென்று செய்வதில்லை. தமிழ் தெரியாத ஒருவர், இந்திய மொழி எழுத்தமைப்பு முடுக்கிவிடப்படாத மென்பொருளில் எழுத்தை ஒட்டும்போது இப்படி ஆகிறது. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

தீர்வு எளிது. வீட்டிலேயே தட்டச்சு செய்து, சரிபார்த்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு அது எழுத்தல்ல, படம். எந்தக் கணினியிலும் குலையாது. எழுத்துருவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துருவை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர்தான். முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்தவரும் அவரே.

எதை வரைவது?

பேக்மேனையும் மாரியோவையும் நகலெடுப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த உருவங்களுக்கு உரிமையாளர் உண்டு. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அந்தப் படங்களை ஒட்டிப் பெட்டியை விற்கக் கிளம்பினால் சிக்கல் வரலாம். அதில் போடும் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். பெட்டியை வெளியே வைத்துக் காசு வாங்குவதானால், தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றத்தில் முன்கூட்டியே உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்மிடம் வரைய விஷயமா இல்லை? பால் மரத்தின் சாய்ந்த வெட்டுக் கோடுகள் பக்கவாட்டில் நீளமாக ஓடினால் அழகாக இருக்கும். செம்பனைக் குலையின் ஆரஞ்சு நிறம், கோலப் புள்ளிகள், ரயில் தண்டவாளம் எல்லாமே சில நிறங்களில் அடங்கும் உருவங்கள். தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தின் பெயரையே பெட்டிக்கு வைக்கலாம். லயன் வீடுகள் போய் தாமான்கள் வந்துவிட்ட நிலையில், அந்தப் பெயர் எங்கேயாவது வெளிச்சத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் அது என்ன ஊர் என்று கேட்பார்கள்.

அச்சும் பொருளும்

பக்கவாட்டுக்கு வினைல் ஸ்டிக்கரும் அதன்மேல் லேமினேஷனும் போதும். கை எந்நேரமும் உரசும் பொத்தான் பலகைக்கு, ஸ்டிக்கர்மேல் மெல்லிய பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக் தகடு வேண்டும்; இல்லையென்றால் வியர்வையில் நிறம் மங்கிவிடும். பெயர்ப்பலகைக்கு ஒளி ஊடுருவும் தாளில் அச்சடிக்கச் சொல்லி, இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு இடையே வைத்து, பின்னால் எல்இடி விளக்குப் பட்டை பொருத்தலாம்.

கணினித் திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கலாகத்தான் வரும். முழுப் படத்தையும் கொடுக்கும் முன் ஒரு சிறு துண்டை அச்சடித்துப் பார்ப்பது செலவல்ல, சேமிப்பு.

ஒட்டும் முறை

பலகையை 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, பிரைமரும் சாயமும் அடிக்க வேண்டும். எம்டிஎஃப் பலகை என்றால் வெட்டிய ஓரங்களுக்கு இன்னொரு பூச்சு அவசியம். அவை ஈரத்தைப் பஞ்சுபோல உறிஞ்சும். சாயம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே காயாமல் இருந்தால், பிறகு ஆவி வெளியேறி ஸ்டிக்கரில் கொப்புளம் எழும்பும். மழைக்காலத்தில் ஒரு வாரமாவது பொறுப்பது நல்லது.

மின்சாரத்தைத் துண்டித்து, திரையையும் பொத்தான்களையும் கழற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். தூசியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். ஸ்டிக்கரைச் சரியான இடத்தில் வைத்து, நடுவில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே ஒட்டினால் அது கதவுக் கீல் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு பாதியைத் தூக்கி, பின்தாளை உரித்து வெட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, துணி சுற்றிய பழைய வங்கி அட்டையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. ஒருவர் பிடிக்க, ஒருவர் தேய்க்க, இருவர் செய்யும் வேலை இது.

கார் கண்ணாடிக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது மரப்பலகைக்கு ஆகாது. ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும். சிறு கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தி, ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி அழுத்தினால் போதும். பொத்தான் துளைகளை மேலிருந்து கூர்மையான கத்தியால் குறுக்காகக் கீறி, ஓரத்தைச் சுற்றி வெட்ட வேண்டும். ஓரப் பட்டையைக் கடைசியில் அடித்தால் வெட்டுக் குறைகள் மறைந்துவிடும்.

லோரிக்கும் வேனுக்கும் ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு. படம் வரையவும் தமிழ் எழுத்தைச் சரியாக அமைக்கவும் கூடவே கற்றுக்கொண்டால், கோயில் திருவிழாப் பதாகை, கடைப் பெயர்ப்பலகை, பள்ளி விளையாட்டுப் போட்டி அறிவிப்பு என எல்லாவற்றுக்கும் அது உதவும்.