காப்பீட்டு அட்டையும் தடுப்பூசிக் கணக்கும்

"மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, இனிமே ஆஸ்பத்திரிச் செலவைப் பத்திக் கவலையே இல்லை" என்று நிம்மதியாக இருக்கும் சகோதரிகள் நம்மில் பலர். நிம்மதி நல்லதுதான். ஆனால் அந்த அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா? முக்கியமாக, தடுப்பூசி விஷயத்தில்.

சேக்காட்டில் எங்கள் தெருவில் ஓர் இளம் தாய். குழந்தையின் ஒன்றரை மாத ஊசிகளைத் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டு, பில்களை எல்லாம் பத்திரமாக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினாள். சில நாட்களில், "பாலிசியில் தடுப்பூசிக்கு இடமில்லை" என்று பதில் வந்துவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. "இரண்டரை மாத ஊசிக்குக் கையில காசு இல்லைக்கா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு இருக்கேன்" என்றாளே, அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. கக்குவான் இருமல் நம் சம்பளத் தேதி பார்த்தா வரும்? அந்தப் புதன்கிழமையே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். நர்ஸம்மா அட்டையைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஊசி போட்டுவிட்டார். செலவு, ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான்!

ஏன் கொடுப்பதில்லை?

நம் நாட்டில் வழக்கமான மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்கென்று ஏற்பட்டது. எதிர்பாராமல் வரும் பெரிய செலவைத் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. தடுப்பூசியோ, எல்லாக் குழந்தைக்கும், தேதி குறித்தாற்போல் வருகிற செலவு. அதனால் பெரும்பாலான பாலிசிகளில், "தடுப்பூசிச் செலவு தரப்படாது, விலங்கு கடித்த பின் போடுவது நீங்கலாக" என்ற வகையில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். நாம் படிப்பதில்லை, விற்க வருபவரும் படித்துக் காட்டுவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய திட்டம். ஆனால் அதுவும் பட்டியலிட்ட அறுவை சிகிச்சைகளுக்கும் பெரிய சிகிச்சைகளுக்கும்தான். ஊசி போட்டுக்கொள்ள அந்த அட்டையை நீட்ட முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்குப் பழக்கமான ஈ.எஸ்.ஐ. சற்று வேறு ரகம். 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தத் திட்டத்தில், படுக்கையில் சேராமல் டிஸ்பென்சரியில் டாக்டரைப் பார்ப்பதும் மருந்து வாங்குவதும் உண்டு. குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் எந்தெந்த ஊசி இருக்கிறது என்று உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். உங்கள் காசில் நடப்பதுதானே, கேட்கக் கூச்சம் எதற்கு?

அரசாங்கம் தருவது எவ்வளவு?

நம் அம்மாக்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதே, அதற்கு எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்கவில்லை. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து குத்தினார்கள். 1977-ல் பெரியம்மை இந்தியாவை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இளம்பிள்ளை வாதமும் அப்படித்தான். நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

இன்று அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிகளின் பட்டியல் நீளமானது. பிறந்தவுடன் காசநோய்க்கு பி.சி.ஜி., மஞ்சள் காமாலைக்கு ஹெபடைடிஸ்-பி, போலியோ சொட்டு மருந்து. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் பென்டா ஊசி. இந்த ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ்-பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு. நாட்டிலேயே இதை 2011-ல் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். வயிற்றுப்போக்குக்கு ரோட்டா சொட்டு மருந்து, நிமோனியாவுக்கு ஊசி, ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா என்று தொடர்ந்து 16 வயது வரை போகிறது. இதில் நிமோனியா ஊசியைத் தனியாரிடம் போட்டால் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். "இலவச ஊசி தரமாக இருக்குமா?" என்று சந்தேகப்படாதீர்கள். இலவசம் என்பதால் மருந்தின் வீரியம் குறைந்துவிடாது.

நாய் கடித்தாலும் இதே பாடம்தான். இன்ஷூரன்ஸ் தருமா என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊசி இலவசம். முதல் நாள் போட்ட பிறகு, அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மறுபடி போடச் சொல்வார்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது.

ஃப்ளூ ஊசிக்கு என்ன வழி?

ஃப்ளூ, சின்னம்மை, ஹெபடைடிஸ்-ஏ போன்றவை அந்த இலவசப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி, பரிந்துரைத்த தடுப்பூசிகளுக்குப் பெரும்பாலான இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே முழுப் பணமும் கொடுக்கின்றன. அங்கே இருக்கும் நம் பெண்கள் மருந்துக் கடையிலேயே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கே நாம்தான் கைக்காசைப் போட வேண்டியிருக்கிறது.

ஃப்ளூ கிருமி அடிக்கடி உருமாறுவதால் ஆண்டுதோறும் புது ஊசி தேவை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போடும்படி குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆன பிறகே பாதுகாப்பு வரும். சின்னக் குழந்தைக்கு முதல் தடவையானால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? தீபாவளிச் சீட்டு கட்டுகிறோம் அல்லவா, அதைப் போலவே மாதம் நூறு, இருநூறு தனியாக எடுத்து வையுங்கள். அதை வேறெதற்கும் தொடாதீர்கள். என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது.

பாலிசி எடுக்கும்முன்

ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்துவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். தடுப்பூசிக்குப் பணம் உண்டா? பிரசவத்தோடு சேர்ந்த பாலிசியானால், பிறந்த குழந்தையின் ஊசிகளுக்கு உண்டா, எத்தனை ரூபாய் வரை, எத்தனை வருடம் காத்திருந்த பிறகு? படுக்கையில் சேராமல் பார்க்கும் செலவுக்கு இடமுண்டா? அதற்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியம், கிடைக்கப்போகிற பணத்தைவிட அதிகமா? கணவரின் கம்பெனி குரூப் பாலிசியிலும் இதையே விசாரிக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது, பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்துக் காலத்துக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நம்பி ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே தாய்-சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். தவணை ஏதாவது விட்டுப் போயிருந்தால், வருகிற புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.