சல்வியா வேறு, சல்வீனியா வேறு



கிரான் பக்கத்து வீட்டு முற்றங்களில் நீலப் பூப் பூக்கும் சல்வியா நடலாம் என்று நாங்கள் சொன்னால், "அது குளத்த மூடுற சாமான் தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, செடி இரண்டு.

குளத்தை மூடுவது சல்வீனியா. அது பூக்காத நீர்ப்பன்னம். 1939இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டு வந்தது, பிறகு வெளியேறி வயல், வாய்க்கால் எங்கும் பரவிற்று. அதற்கு முன்னமே அழகுக்காக வந்த ஆகாயத்தாமரையும் இப்படித்தான். அதைத் தடுக்க 1909இல் சட்டமே போட வேண்டி வந்தது. அதன் இளநீலப் பூ வடிவாக இருக்குதென்று கிணற்றடித் தொட்டியில் கொண்டு வந்து விடாதீர்கள். மாரிக்குத் தொட்டி வழிந்தால் ஒரு துண்டு போதும், வாய்க்கால் அடைபட.

நாங்கள் சொல்லும் நீலச் சல்வியா தரைச் செடி. துளசி, கற்பூரவள்ளிக் குடும்பம். தண்டைத் தடவிப் பார்த்தால் துளசி போலவே சதுரமாக இருக்கும். இரண்டு, மூன்று அடி வளரும். சொந்த இடம் அமெரிக்காவின் டெக்சாசும் மெக்சிக்கோவும். வெயில் காயும் நாட்டுச் செடி ஆனபடியால் எங்கள் கோடையையும் தாங்கும். தாங்காதது வேரில் தேங்கும் தண்ணீரை.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் விதைக்க வேண்டாம். தை முடிவில் மழை ஓய்ந்ததும் மணலும் மக்கிய சாணி எருவும் கலந்து விதையைத் தூவி, கையால் மெல்ல அமத்தி விடுங்கள். ஆழப் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். இரண்டு கிழமையில் முளை தெரியும். நாலைந்து இலை விட்டதும், அரை அடி உயர்த்திய பாத்தியில் ஓரடி இடைவெளியில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். பூத்து முடிந்த கதிரை வெட்டி விட்டால் திரும்பவும் பூக்கும்.

பூவால் என்ன பிரயோசனம் என்பீர்கள். இந்தப் பூவுக்குத் தேனீ வரும். பூசணி, பாகல், வெள்ளரிக் கொடிக்குப் பக்கத்தில் இது நின்றால், வந்த தேனீ அந்தப் பூக்களுக்கும் போகும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே காய் பிடிக்கும்?

ஒரு எச்சரிக்கை: மேல்நாட்டார் கறிக்குப் போடும் சல்வியா வேறு இனம். துளசிக் குடும்பந்தானே என்று இதில் கசாயம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

முதல் கதிர்கள் சிலவற்றைச் செடியிலேயே முற்றிக் காய விட்டு விதை எடுத்து வையுங்கள். அடுத்த வருசத்துக்கும் ஆகும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.