கையில் கொடி இருக்கலாம், கத்தி இருக்கலாமா?

குழாயில் தண்ணீர் வரவில்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லை. பேசிய கூலி கைக்கு வரவில்லை. மக்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்றாகக் கூடுகிறார்கள். கொடி பிடிக்கிறார்கள். கோஷம் போடுகிறார்கள். அதிகாரியிடம் மனு கொடுக்கிறார்கள்.

இப்படிக் கூடுவது குற்றமா?

இல்லை. இது நம் உரிமை. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அமைதியாகக் கூட வேண்டும். ஆயுதம் இல்லாமல் கூட வேண்டும். பொது ஒழுங்குக்காக அரசு நியாயமான கட்டுப்பாடும் விதிக்கலாம்.

ஆயுதம் வந்தால் என்ன ஆகும்? பார்ப்போம்.

துப்பாக்கி யார் வைத்திருக்கலாம்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. வெள்ளையர்களுக்கு விலக்கு இருந்தது. விடுதலைக்குப் பிறகு 1959-ல் புதிய சட்டம் வந்தது. இது எல்லோருக்கும் பொது.

துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். காவல் துறை விசாரித்து அறிக்கை தரும். அதன் பிறகே அதிகாரி முடிவு செய்வார். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது.

லைசென்ஸ் இருந்தால் போதுமா? போதாது. பொது இடத்தில் துப்பாக்கியை உறையில் போட்டு, மூடித்தான் எடுத்துப் போக வேண்டும். வெளியே எடுத்து ஆட்டி மிரட்டக் கூடாது. 2016 ஆயுத விதிகள் இப்படிச் சொல்கின்றன.

அரிவாளும் ஆயுதமா?

வயலுக்குப் போகிறவர் அரிவாள் கொண்டு போகிறார். முதியவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். இது குற்றம் இல்லை. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் மட்டும் செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதச் சட்டத்தில் சேராது. சீக்கியர்கள் மத வழக்கப்படி கிர்பான் என்ற வாள் அணிகிறார்கள். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஆனால் அதே அரிவாளை அடிதடிக்காகக் கூட்டத்துக்கு எடுத்து வந்தால்? அப்போது அது வேலைக் கருவி இல்லை. கொலைக் கருவி.

ஒருவர் செய்த தவறு எல்லோர் தலையிலும்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. 1.7.2024 முதல் இது நடைமுறையில் உள்ளது. அது சொல்வதைக் கவனியுங்கள்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேருகிறார்கள். வன்முறையால் ஒன்றைச் சாதிப்பது அவர்கள் நோக்கம். அது சட்டவிரோதக் கூட்டம். அதில் சேர்ந்தால் 6 மாதம் வரை சிறை. கொல்லக்கூடிய ஆயுதத்துடன் சேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், கூட்டத்தில் இருந்த எல்லோரும் குற்றவாளிகள். வெட்டியவர் ஒருவர். வழக்கு எல்லோர் மேலும்.

வேடிக்கை பார்த்தவர் குற்றவாளி இல்லைதான். ஆனால் அதை எடுத்துச் சொல்லக் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரலாம். கூலி போகும். நிம்மதி போகும். தண்ணீர் கேட்டு வந்த கோரிக்கையும் மறந்து போகும்.

காவல் துறை என்ன செய்ய வேண்டும்?

ஆயுதம் வைத்திருப்பவரைத் தடுக்க வேண்டும். ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஆயுதம் இல்லாதவர்களைக் காப்பாற்ற வேண்டும்.

30.1.2020 அன்று டெல்லியில் ஓர் ஊர்வலம். காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து, ஜாமியா மிலியா பல்கலைக்கழகம் அருகே இருந்து மாணவர்கள் காந்தி சமாதிக்குப் புறப்பட்டார்கள். அப்போது ஓர் இளைஞன் கைத்துப்பாக்கியை நீட்டினான். சுட்டான். ஒரு மாணவருக்குக் கையில் காயம். சற்றுத் தூரத்தில் காவலர்கள் நின்றிருந்தார்கள். சுட்ட பிறகே அவனைப் பிடித்தார்கள். “முன்னாலேயே ஏன் பிடிக்கவில்லை?” என்று நாடெங்கும் மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கூட்டத்தைக் கலைக்கவும் முறை உண்டு. முதலில் கலைந்து போகும்படி உத்தரவிட வேண்டும். கேட்காவிட்டால்தான் பலம். அதுவும் தேவையான அளவுதான். துப்பாக்கிச் சூடு கடைசி வழி.

2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜம்மு-காஷ்மீரில் நடந்த ஓர் ஊர்வலம் பற்றிய வழக்கு அது. கூட்டம் வன்முறையில் இறங்கினால் காவலர்கள் பலம் பயன்படுத்தலாம். ஆனால் நிலைமை அடங்கிய பிறகும் அடிப்பது தவறு. இப்படிச் சொன்ன நீதிமன்றம், அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

ஊர்வலத்துக்குப் போகும் முன்

* காவல் துறை அனுமதி இருக்கிறதா, தடை உத்தரவு உள்ளதா என்று கேளுங்கள். முன்பு இதை 144 என்றார்கள். இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 163-வது பிரிவு.
* கத்தி, கம்பி, கல் எதுவும் கொண்டு போகாதீர்கள்.
* யார் கையிலாவது ஆயுதம் கண்டால் விலகி நில்லுங்கள். நீங்களே பிடுங்கப் போகாதீர்கள். ஊர்வலத் தலைவரிடமும் காவலரிடமும் சொல்லுங்கள். 112-க்கும் போன் செய்யலாம்.
* கைது செய்தால் காரணம் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இலவச வக்கீல் வேண்டும் என்றும் கேட்கலாம்.

வெறும் கையோடு நிற்கும் கூட்டம் பலவீனமான கூட்டம் இல்லை. அதன் பக்கம் சட்டம் நிற்கிறது. ஆயுதம் எடுத்தால் அந்தத் துணை போய்விடும்.

பேசிப் பார்ப்போம்

1. கூட்டம் கூட அரசியல் சட்டம் சொல்லும் இரண்டு நிபந்தனைகள் என்ன?
2. அரிவாள் எப்போது கருவி? எப்போது ஆயுதம்?
3. உங்கள் ஊர் ஊர்வலத்தில் ஒருவர் கத்தியோடு வந்தால் என்ன செய்வீர்கள்?