மின்சாரமும் தண்ணீரும் ஒரே குழாயில்

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மின்சாரத்தையும் தண்ணீரையும் எவ்வளவுக்கெவ்வளவு விலக்கி வைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்பது நமக்கு மனப்பாடம். அப்படியிருக்க, ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரமும், நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் பாயும் தண்ணீரும் ஒரே செப்புக் குழாயில் ஓடுகின்றன என்றால் நம்புவீர்களா?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பிக்கான எஃகு ஆக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே உள்ள தூண்டல் உலையில்தான் இந்த விந்தை அன்றாடம் நடக்கிறது. அந்த உலையில் விறகு இல்லை, எண்ணெய் இல்லை, எரிவாயுவும் இல்லை. பெரிய அண்டா ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உட்சுவர் சிலிக்கா மணலைக் கெட்டித்து அமைத்தது. அதைச் சுற்றிச் செப்புக் குழாய், பாம்பு சுற்றியதுபோல் சுருளாகச் செல்லும். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால் உள்ளே காந்தப்புலம் விநாடிக்குப் பல நூறு முறை திசை மாறும். அப்போது அண்டாவுக்குள் கிடக்கும் இரும்பில் தானாகவே சுழல் மின்னோட்டம் தோன்றும். இரும்பின் மின்தடை அதை வெப்பமாக்கும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. இன்றைய வடிவிலான உலையை 1916 வாக்கில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வின் நார்த்ரப் உருவாக்கினார்.

இனித் தண்ணீருக்கு வருவோம். உருகிய எஃகின் வெப்பநிலை சுமார் 1,600 டிகிரி. செம்போ 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டுக்கும் இடையே இருப்பது சாண் அகலம்கூட இல்லாத மணற்சுவர். சுவர் வழியாக வரும் சூடு ஒருபுறம். சுருளில் பாயும் பெரும் மின்னோட்டத்தால் செம்பிலேயே பிறக்கும் சூடு மறுபுறம். பின்னதே அதிகம்.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று நீங்களே கணக்கிடலாம். ஒரு டன் எஃகை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் ஆகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 150 யூனிட், சுருளின் தண்ணீரோடு போய்விடுகிறது என்று வையுங்கள். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி; ஆக 1,29,000 கிலோ கலோரி. தண்ணீர் 15 டிகிரி மட்டுமே சூடேறலாம் என்றால், மணிக்கு ஒரு டன் உருக்கும் உலைக்கு மணிக்கு 8,600 லிட்டர் ஓட வேண்டும். பல டன் உலைகளுக்கு இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கம்பியைக் குழாயாக்கினால் செம்பு குறைந்து மின்சாரம் தடைப்படாதா? இங்கேதான் இயற்கை நமக்குச் சாதகமாக இருக்கிறது. அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே பாயும். விநாடிக்கு 500 அதிர்வு என்றால் செம்பில் அது மூன்று மில்லிமீட்டர் ஆழத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். நடுவிலுள்ள செம்பு சும்மா கிடக்கும் செம்புதான்! அதை எடுத்துவிட்டுத் தண்ணீரை விடுவதில் நட்டம் ஒன்றுமில்லை. உலைக்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த கேபிளும் அப்படியே: ரப்பர்க் குழாய்க்குள் செப்பு இழைகள், இழைகளைச் சுற்றி ஓடும் தண்ணீர்.

மின்சாரம் தண்ணீர் வழியே தரைக்கு ஓடிவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தூய தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கடத்துவது அதில் கரைந்துள்ள உப்பு. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்திருப்பது தெரிந்த செய்தி. அத்தகைய கிணற்று நீரைச் சுருளில் விட்டால் மின்கசிவு ஏற்படும், இணைப்புகள் அரிக்கும், குழாயின் உட்புறம் சுண்ணாம்பு படிந்து சூடு வெளியேறாமல் தடுக்கும். ஆகவே உப்பு நீக்கிய தண்ணீரே மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அது தன் சூட்டை வெப்ப மாற்றியில் இன்னொரு தண்ணீருக்குக் கொடுக்கும். அந்த இரண்டாம் தண்ணீர் கூலிங் டவரில் ஆவியாகிக் குளிரும். ஆவியாகாமல் தங்கும் உப்பு அங்கே செறிந்துகொண்டே போவதால், அவ்வப்போது கொஞ்சம் நீரை வெளியேற்றியாக வேண்டும். சுருளையும் இரும்புக் குழாய்களையும் இணைக்கும் ஹோஸும் சாதாரண கறுப்பு ரப்பர் அல்ல; கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் கரி கலக்காத ரப்பர்.

இன்னொரு வேடிக்கை. தண்ணீர் மிகவும் குளிர்ச்சியாக இருப்பதும் ஆபத்து! கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த குழாய், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்புபோல வியர்க்கும். அந்த வியர்வை இரண்டு சுற்றுகளுக்கு நடுவே வழிந்தால் மின்பொறி பறக்கும்.

ஆனால் உலைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் அஞ்சுவது மின்அதிர்ச்சிக்கு மட்டுமல்ல. தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். உருகிய எஃகு, சிறிதளவு தண்ணீரை மேலிருந்து மூடிக்கொண்டால் அந்த விரிவு கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து எஃகைத் தெறிக்கவைக்கும். மணற்சுவர் அரித்து எஃகு சுருளைத் தொட்டாலும் இதே கதிதான். அதனால் உலையின் அடியில் எஃகுக் குழம்பைத் தொடும்படி மெல்லிய கம்பிகளைப் பதித்து, அவற்றை நில இணைப்போடு சேர்க்கிறார்கள். குழம்பு சுருளை நெருங்கினால் நிலத்துக்கு மின்கசிவு கூடும். கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். சிலர் இந்தக் கருவி அடிக்கடி தொல்லை தருகிறது என்று அதை அணைத்து வைப்பதுண்டு. அது தூங்குகிறவன் காவல்நாயைக் கட்டிப்போட்டதற்குச் சமம்.

உலைக்குக் கீழே, எஃகு கொட்டினால் ஏந்துவதற்கான பள்ளம் எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது எளிதல்ல. தகரக் கூரை ஒழுகும், வெளி வாய்க்கால் நிறைந்து எதிர்த்து வரும். பள்ளத்தின் தரைச் சரிவும், மழைநீரை உள்ளே விடாத வரம்பும் எஞ்சினியரின் வரைபடத்தில் சிறு கோடுகள்தாம். மழைக்காலத்தில் உயிர் காப்பவை அவையே. மழையில் நனைந்த பழைய இரும்பும், உள்ளே நீர் தங்கிய மூடிய குழாய்களும் உலைக்குள் போகக்கூடாது என்பதும் இதனால்தான்.

மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கலாமா? கூடாது. மின்னோட்டம் நின்றாலும் டன் கணக்கான எஃகின் சூடு சுவர் வழியே சுருளுக்கு வந்துகொண்டே இருக்கும். பம்பு நின்றால் குழாயில் உள்ள நீர் கொதித்துவிடும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னை, திருவள்ளூர் பகுதிகளின் மின்கம்பங்களைச் சாய்த்தது நினைவிருக்கலாம். அத்தகைய நாளுக்காகத்தான் டீசல் பம்பு வைத்திருக்கிறார்கள். அதுவும் கிளம்பாவிட்டால்? கூரைக்கு மேலே ஒரு தொட்டி. மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். வால்வைத் திறந்தால் போதும், புவியீர்ப்பு விசையே தண்ணீரைச் சுருளுக்குள் இறக்கிவிடும்.